அமைதிப் பணியிலும் சர்வதேச வளர்ச்சி ஒத்துழைப்பிலும் வேலை: துறையைப் புரிந்துகொள்வதிலிருந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது வரை

"உலக அமைதிக்காக வேலை செய்யணும்" என்று சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனதும் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானோரிடம் இதற்குப் பதில் இருக்காது. அதில் தப்பும் இல்லை. வெளியே தெரிவது மாநாடுகளும் கைகுலுக்கல்களும்தான். உள்ளே நடப்பது கூட்டம், பயிற்சி, கள ஆய்வு, பட்ஜெட், அறிக்கை, மறுபடியும் அறிக்கை. அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருப்பவருக்குத்தான் இங்கே வேலை கிடைக்கிறது. அந்தப் பதிலை உருவாக்கிக்கொள்ளும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள்?

ஒரே கூரையின் கீழ் மூன்று விதமான வேலைகள் நடக்கின்றன. போர், பஞ்சம், பூகம்பம் என்று வரும்போது உயிரைக் காப்பாற்றுவது மனிதாபிமான உதவி. 1863இல் ஜெனீவாவில் தொடங்கிய செஞ்சிலுவை இயக்கத்தின் மரபு இது. எந்தத் தரப்பையும் சாராமல், தேவையை மட்டும் பார்த்து உதவுவதுதான் இதன் அடிப்படை. பள்ளி, குடிநீர், விவசாயம், நிர்வாகச் சீர்திருத்தம் என்று ஆண்டுக்கணக்கில் நீள்வது வளர்ச்சி ஒத்துழைப்பு. மோதல் மறுபடி வெடிக்காதபடி உறவுகளையும் நிறுவனங்களையும் சரிசெய்வது அமைதியைக் கட்டியெழுப்பும் பணி.

துப்பாக்கிச் சத்தம் நின்றுவிட்டதாலேயே அமைதி வந்துவிட்டதாக ஆகாது, அநீதியும் புறக்கணிப்பும் நீங்க வேண்டும் என்று வாதிட்டவர் நார்வே ஆய்வாளர் யோஹான் கால்டுங். 1992இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி தன் அறிக்கையில் இந்தப் பணிக்குத் தனி இடம் கொடுத்தார். 2005இல் ஐ.நா.வில் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைந்தது. இப்போது இந்த மூன்று வேலைகளையும் தனித்தனியாகச் செய்யக் கூடாது என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் வளர்ச்சி உதவிக் குழு 2019இல் அதை ஒரு பரிந்துரையாகவே வெளியிட்டது. அதனால் மனிதாபிமான நிறுவனத்தின் வேலை விளம்பரத்திலும் மோதல் பகுப்பாய்வு தெரிந்திருக்க வேண்டும் என்ற வரி வருகிறது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நீலத் தலைக்கவசம் அணிந்த அமைதிப்படை வீரராகச் சேர நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது. அவர்களை உறுப்பு நாடுகள் தங்கள் ராணுவத்திலிருந்தும் காவல்துறையிலிருந்தும் அனுப்புகின்றன. ஆனால் அதே முகாம்களில் அரசியல் விவகாரம், மனித உரிமை, உள்ளூர் நிர்வாகத் தொடர்பு, போக்குவரத்து, தகவல் தொழில்நுட்பம் ஆகிய பிரிவுகளில் சிவில் பணியிடங்கள் உண்டு. அவற்றுக்கு யாரும் விண்ணப்பிக்கலாம்.

சரி, அமைதிப் பணியில் எந்த மட்டத்தில் வேலை செய்வீர்கள்? மேல் மட்டம் என்பது தலைவர்களுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தை. இந்தோனேசியாவின் ஆச்சே மோதலை முடித்த 2005 ஹெல்சிங்கி உடன்பாட்டில் நடுவராக இருந்தவர் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி. அந்த நாற்காலிக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. வாழ்நாள் முழுக்க ராஜதந்திரத்தில் இருந்தவர்களைத்தான் அங்கே அழைப்பார்கள்.

அடிமட்டம் வேறு மாதிரி. கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜீரில் 1990களின் தொடக்கத்தில் குலங்களுக்கிடையே கடும் மோதல் நடந்தது. தேக்கா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட சில பெண்கள் சந்தையிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் பயமில்லாமல் அங்கே வாங்கவும் விற்கவும் வழி செய்தார்கள். அப்புறம் பெரியவர்கள், இளைஞர்கள், அரசு அதிகாரிகள் என்று ஒவ்வொரு தரப்பாக உள்ளே கொண்டுவந்தார்கள். அதிலிருந்து உருவான அமைதிக் குழு மாவட்ட நிர்வாக அமைப்போடு இணைந்தது. பிற பகுதிகளிலும் இதே முறையைப் பின்பற்றினார்கள். இந்தத் துறையின் வேலைகளில் பெரும்பங்கு இத்தகைய குழுக்களுக்குத் துணை நிற்பதிலும், அவற்றுக்கும் தலைநகரத்துக்கும் இடையில் பாலமாக இருப்பதிலும்தான் இருக்கிறது. உங்கள் எதிர்பார்ப்பையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

தொழில் வழிகாட்டிகள் பலவும் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. ஆனால் எந்த வேலை இருக்கும், எது போகும் என்பதை முடிவு செய்வது பணம்தான்.

பணக்கார நாடுகள் தங்கள் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று 1970இல் ஐ.நா. பொதுச்சபை இலக்கு வைத்தது. அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வருகிற பணம் ஜெர்மனியின் ஜி.ஐ.இசட்., ஜப்பானின் ஜைக்கா, சுவீடனின் சீடா போன்ற அரசு முகமைகள் வழியாகவும், ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி, சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் கீழே இறங்குகிறது. கடைசியில் உள்ளூர் அமைப்புக்கு வந்து சேரும்போது அது ஓரிரு ஆண்டு ஓடும் ஒரு திட்டமாகியிருக்கும். உங்கள் ஒப்பந்தமும் அந்தத் திட்டத்தின் ஆயுள் அளவுதான்.

2025இல் நடந்ததை யாரும் மறைக்க முடியாது. ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. மார்ச்சில் தன் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. ஜூலை 1ஆம் தேதியோடு அந்த முகமையின் உதவிப் பணி முடிவுக்கு வந்தது. பிரிட்டன் தன் உதவியை 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாகச் சொன்னது. ஐ.நா.வே செலவுக் குறைப்பில் இறங்கியது. அனுபவசாலிகள் கூட்டம் கூட்டமாக வேலை தேடத் தொடங்கினார்கள். புதிதாக வருபவர் அவர்களோடுதான் போட்டியிட வேண்டியிருக்கிறது.

அதற்காக இந்தப் பக்கமே வராதீர்கள் என்று சொல்லவில்லை. துறைக்கு வெளியேயும் விலைபோகும் ஒரு திறமையோடு வாருங்கள்.

படி 3: ஒரு தொழிலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

அமைதி என்பது இலக்கு. அதை அடைய உழைப்பவர்கள் கணக்காளர், பொறியாளர், வழக்கறிஞர், புள்ளியியலாளர், வானொலித் தயாரிப்பாளர், பயிற்றுநர் என்று ஏதோ ஒரு தொழிலில் இருக்கிறார்கள். நிதி, கொள்முதல், லாஜிஸ்டிக்ஸ் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. ஆனால் லட்சியத்தோடு வருபவர்கள் இவற்றைக் கீழான வேலை என்று ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால், துறைக்குள் நுழைய இதைவிட அகலமான கதவு இல்லை. ப்ரபோசல், அதாவது நிதி கேட்டு அனுப்பும் திட்ட முன்மொழிவு, எழுதத் தெரிந்தவர்களும் அப்படித்தான். நிதி கொண்டுவருபவரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது.

இரண்டு திறமைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது மோதல் பகுப்பாய்வு. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆடுமாடு மேய்ப்பவர்களும் பயிர் செய்பவர்களும் அருகருகே வாழும் வறண்ட பகுதி. நீங்கள் ஆழ்துளைக் கிணறு போடப் போகிறீர்கள். நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று பொறியாளர் சொல்லிவிடுவார். ஆனால் அந்த இடம் யார் நிலம்? அங்கே தண்ணீர் வந்தால் கோடையில் வழக்கமாகப் போகும் மந்தைகள் பாதை மாறுமா? பம்ப்பின் சாவி யார் கையில் இருக்கும்? கிணறு தோண்டும் ஒப்பந்தக்காரர் எந்தத் தரப்பு ஆள்? கிராமக் கூட்டத்துக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் போட்ட கிணறு அடுத்த சண்டைக்குக் காரணமாகலாம். சரியாகக் கேட்டால் அதே கிணற்றுக்கான பராமரிப்புக் குழு இரு தரப்பும் மாதாமாதம் சந்திக்கும் இடமாகிவிடும். உதவி செய்யப் போன இடத்தில் தீங்கு செய்யாதே என்ற கொள்கை நடைமுறையில் இதுதான்.

இதைப் பழகப் பெரிய பயிற்சி தேவையில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத் தகராறோ, தண்ணீர்ப் பங்கீடோ, தொழிற்சங்கப் பிரச்சினையோ, எதுவும் பரவாயில்லை. யார் யார் தரப்பினர், வெளியே என்ன கேட்கிறார்கள், உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்கள், இரு தரப்பையும் இணைக்கும் விஷயம் என்ன, பிரிப்பது என்ன, இது நீடித்தால் யாருக்கு லாபம் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். பிறகு இரு தரப்பிலும் ஒவ்வொருவரிடம் அதைக் காட்டுங்கள். இருவரும் "எங்கள் பக்கத்தை ஓரளவு சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்" என்றால் உங்களுக்கு இந்த வேலை வரும்.

இரண்டாவது, கண்காணிப்பும் மதிப்பீடும். எம் அண்ட் ஈ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நடக்காமல் போன ஒரு கலவரத்தை எப்படி அளப்பது? பயிற்சிக்கு 200 பேர் வந்தார்கள் என்ற எண் எதையும் சொல்லாது. அடுத்த தரப்பின் சந்தைக்குப் போகிறவர்கள் கூடினார்களா, தகராறு வந்தால் முதலில் யாரிடம் போகிறார்கள், மாலை எத்தனை மணி வரை பெண்கள் தனியாக நடமாடுகிறார்கள் என்று மக்களே சொல்லும் அடையாளங்களைத் தேடிப் பதிய வேண்டும். லாக்ஃபிரேம் எனப்படும் திட்ட அட்டவணையைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். இதைச் செய்தால் அது நடக்கும், ஏனென்றால் இன்ன காரணம் என்று மாற்றத்துக்கான தர்க்கத்தை ஒரு பத்தியில் சொல்ல வர வேண்டும். களத்தில் தகவல் திரட்டப் பரவலாகப் பயன்படும் கோபோ டூல்பாக்ஸை இலவசமாகவே திறந்து பழகலாம். கூடவே எக்செல்லில் கை ஓட வேண்டும்.

இவை தவிர நில உரிமை, நிலைமாற்றுக்கால நீதி (மோதலின்போது நடந்த கொடுமைகளுக்குப் பின்னர் நீதி தேடுவது), முன்னாள் போராளிகளை மறுபடி சமூகத்தோடு இணைப்பது, தேர்தல், ஊடகம் போன்ற சிறப்புத் துறைகளும் உண்டு. பெண்களின் பங்கு பற்றிய பாதுகாப்பு மன்றத் தீர்மானம் 1325 (2000), இளைஞர் பற்றிய 2250 (2015) ஆகிய இரண்டையும் எந்தப் பிரிவுக்குப் போனாலும் படித்துவிட்டுப் போங்கள். நேர்காணலில் கேட்பார்கள்.

படி 4: ஒரு பிரதேசம், ஒரு மொழி

உலகம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போகத் தயார் என்பது ஆர்வத்தைக் காட்டலாம், ஆனால் தேர்வுக் குழுவை அசைக்காது. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதன் வரலாறு, கட்சிகள், உள்ளூர்ப் பத்திரிகைகள் என்று மூன்று ஆண்டு விடாமல் தொடர்ந்து படித்தவருக்கு மதிப்பு அதிகம். நீங்கள் வளர்ந்த பகுதியே அதுவாக இருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது.

ஆங்கிலம் இல்லாமல் நகராது. இரண்டாவது மொழியாக மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுக்குப் பிரெஞ்சு, மத்தியக் கிழக்குக்கு அரபு, லத்தீன் அமெரிக்காவுக்கு ஸ்பானிஷ். சான்றிதழை விட, ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் அளவுக்கு வருகிறதா என்பதே கேள்வி.

படி 5: படிப்பு, ஆனால் உடனே அல்ல

இளநிலைப் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். முதுநிலை பெரும்பாலும் தேவைப்படும். ஐ.நா. செயலகத்தின் தொழில்முறைப் பதவிகளில் பி-2 நிலைக்கு முதுநிலைப் பட்டத்தோடு 2 ஆண்டு, பி-3க்கு 5, பி-4க்கு 7 ஆண்டு அனுபவம் கேட்பது வழக்கம். இளநிலை மட்டும் இருந்தால் பெரும்பாலும் இன்னும் 2 ஆண்டு கூடுதலாக வேண்டும்.

ஆனால் பட்டம் வாங்கிய கையோடு முதுநிலைக்கு ஓடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால் வகுப்பும் புரியும், உதவித்தொகையும் கிடைக்கும். நல்ல உதவித்தொகைகளே அனுபவத்தைத்தான் கேட்கின்றன. முழுச் செலவையும் ஏற்கும் ரோட்டரி அமைதி ஃபெல்லோஷிப், முதுநிலைக்குக் குறைந்தது 3 ஆண்டும் சான்றிதழ்ப் படிப்புக்கு 5 ஆண்டும் பணி அனுபவம் எதிர்பார்க்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை காட்ட வேண்டும். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி., ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவற்றையும் பாருங்கள்.

அமைதி ஆய்வுக்குப் பெயர்பெற்ற இடங்கள் பிரிட்டனின் பிராட்ஃபோர்டு, சுவீடனின் உப்சாலா. கோஸ்டா ரிகாவில் 1980இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானத்தால் உருவான அமைதிப் பல்கலைக்கழகமும் உண்டு. கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். இத்துறையின் ஆரம்பச் சம்பளம் பெரிய கல்விக் கடனைத் தாங்காது.

படி 6: முதல் அனுபவம்

சர்வதேச நிறுவனத்தின் தலைமையகத்தில் பயிற்சி இடம் தேடி அலைவதை விட, ஓர் உள்ளூர் அமைப்பில் திட்ட உதவியாளராகச் சேர்வது மேல். சிறிய இடத்தில் ஒருவரே பட்ஜெட் போடுவார், பயிற்சி நடத்துவார், அறிக்கை எழுதுவார், டோனர், அதாவது நிதி தருபவர், வந்தால் கூட்டிக்கொண்டு போவார். ஓராண்டில் திட்டத்தின் முழுச் சுழற்சியும் பிடிபட்டுவிடும். ஐ.நா. செயலகத்தின் பயிற்சி இடங்களுக்குச் சம்பளம் கிடையாது, நியூயார்க், ஜெனீவாவில் தங்கும் செலவும் உங்களுடையது. பணம் உள்ளவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்கும் ஏற்பாடு இது, இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. யுனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டமான யு.என்.டி.பி., சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. போன்ற சில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன.

இவை தவிர முறையான நுழைவு வழிகள் மூன்று:

ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970இல் தொடங்கியது, தலைமையகம் பான் நகரில். பெயர்தான் தன்னார்வலர், முழுநேரப் பணிக்கு வாழ்க்கைப்படி உண்டு. 18 முதல் 26 வயது வரையிலான இளைஞர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சொந்த நாட்டிலேயே பணியாற்றும் வாய்ப்பும், வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு, தரவு, வடிவமைப்பு வேலை செய்யும் இணையவழிப் பிரிவும் உண்டு. மூன்றில் பலருக்கும் எட்டக்கூடியது இதுதான்.

இளம் தொழில்முறையாளர் தேர்வு. 32 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு. ஆனால் செயலகத்தில் போதிய எண்ணிக்கையில் ஆட்கள் இல்லாத நாடுகளின் குடிமக்களைத்தான் அழைப்பார்கள். அந்தப் பட்டியல் மாறும் என்பதால் ஒவ்வொரு அறிவிப்பின்போதும் உங்கள் நாட்டைத் தேடிப் பாருங்கள்.

இளநிலைத் தொழில்முறை அலுவலர் திட்டம். நிதி தரும் அரசுகள் தங்கள் குடிமக்களை அனுப்பப் பணம் கட்டும் முறை. நெதர்லாந்து போன்ற ஒரு சில நாடுகள் வளரும் நாட்டினருக்கும் இடம் ஒதுக்குகின்றன.

படி 7: விண்ணப்பமும் நேர்காணலும்

விளம்பரங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் நடத்தும் ரிலீஃப்வெப். அதோடு டெவெக்ஸ், இம்பாக்ட்பூல், அப்புறம் இன்டர்நேஷனல் அலர்ட், சர்ச் ஃபார் காமன் கிரவுண்ட், இன்டர்பீஸ், கன்சிலியேஷன் ரிசோர்சஸ் போன்ற அமைதிப் பணி நிறுவனங்களின் சொந்தத் தளங்கள்.

ஒரே சி.வி.யை நூறு இடத்துக்கு அனுப்புவது வீண். விளம்பரத்தில் "அவசியம்" என்று இருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் நேராக உங்கள் சி.வி.யில் ஓர் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சல்லடையில் அதைத்தான் பார்க்கிறார்கள். "சமூக நல்லிணக்கத்துக்காகப் பாடுபட்டேன்" என்ற வரி எதையும் சொல்வதில்லை. எத்தனை கிராமம், எவ்வளவு பட்ஜெட், யாரோடு, கடைசியில் என்ன மாறியது என்று எழுதுங்கள்.

நேர்காணலில் உங்கள் கருத்தைக் கேட்பதை விட உங்கள் கடந்தகாலத்தைக் கேட்பார்கள். "குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்" என்பதுபோல் கேள்வி வரும். நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் மூன்று நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். இங்கே பலரும் சறுக்குவது "நாங்கள் செய்தோம்" என்று சொல்வதில்தான். பணிவு நல்லதுதான், ஆனால் மதிப்பெண் போடுபவருக்கு "நான்" செய்தது என்ன என்று தெரிய வேண்டும். குழுவேலை, முரண்பாடு, காலக்கெடு, தோல்வி, பல பண்பாட்டினரோடு வேலை என்று ஆறேழு உண்மைச் சம்பவங்களை முன்கூட்டியே எழுதித் தயாராக இருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் கேட்பதில்லை. கட்டணம் கட்டச் சொல்லி வரும் நியமனக் கடிதத்தில் எவ்வளவு அழகான முத்திரை இருந்தாலும் அது மோசடிதான்.

படி 8: கையெழுத்திடும் முன்

ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். சர்வதேசப் பணியாளரா, தேசியப் பணியாளரா, ஆலோசகரா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். ஆலோசகருக்குப் பெரும்பாலும் ஓய்வூதியமும் விடுப்பும் கிடையாது, காப்பீட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஐ.நா. பணியிடங்கள் எச், ஏ முதல் ஈ வரை கடினத்தின்படி தரம் பிரிக்கப்பட்டவை; எச் என்பது தலைமையகம் போன்ற இடங்கள், ஈ மிகக் கடினமானது. சில இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. ஈ நிலை இடத்தைச் சிறுவயதில் சமாளித்துவிடலாம், குழந்தை பிறந்தபின் கணக்கே வேறு.

இவற்றை எழுத்தில் கேளுங்கள்: ஆபத்து வந்தால் வெளியேற்றும் ஏற்பாடு உங்களுக்கும் பொருந்துமா? போர் ஆபத்தையும் மனநல சிகிச்சையையும் காப்பீடு ஏற்குமா? ஓய்வு விடுப்பு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? ஆபத்தான பகுதிக்கான நேரடிப் பாதுகாப்புப் பயிற்சியை யார் செலவில் தருகிறார்கள்? ஐ.நா.வின் பிசேஃப் என்ற பாதுகாப்பு இணையப் பயிற்சி இலவசம், அதை இப்போதே முடித்துவிடலாம். வெளியேற்றம் பற்றிய கேள்வியைத் தேசியப் பணியாளர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சர்வதேச ஊழியர்கள் விமானம் ஏறிய பிறகும் ஊரில் நிற்கப் போவது அவர்கள்தான். இதற்கு மழுப்பலான பதில் சொல்லும் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்குப் போதுமான தகவல் கிடைத்துவிட்டது.

வன்முறைக்கு ஆளானவர்களின் கதையை நாள்தோறும் கேட்பது கேட்பவரையும் பாதிக்கும். தூக்கம் கெடுவது, எரிச்சல், எதிலும் உணர்ச்சியற்றுப் போவது என்று வந்தால் ஆலோசகரைப் பாருங்கள். அதைப் பலவீனமாகப் பார்க்கும் மேலாளர் இருந்தால் அவருக்குத் தெரியாமலே பாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். திட்டம் முடிந்ததும் அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். அதற்கு முன்பே, நிறுவனத்தின் அனுமதியோடு, நீங்கள் எழுதிய வெளியிடக்கூடிய அறிக்கைகளின் நகலையும், பரிந்துரை தரக்கூடிய மேலாளர்களின் சொந்த முகவரியையும் வாங்கி வையுங்கள். பயனாளிகளின் பெயரோ விவரமோ உள்ள எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். அடுத்த வேலைக்கான தேடலை ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். ஐ.நா. ஆட்சேர்ப்பு சில சமயம் அதையும் தாண்டி இழுக்கும்.